பிளேட்டுக்கு மேலே

பிளேட் போட்டு எட்டு வருசம்.
நாலு தூணிலும் நாலு நாலு கம்பி
இன்னும் மேலே நீட்டிக்கொண்டு.
ஒவ்வொன்றின் தலையிலும்
ஒரு யோகட் கப்பைக் கவிழ்த்து வைத்தேன்,
மழைக்கும், ஓடித்திரிகிற பிள்ளையின் கண்ணுக்குமாக.

அக்கரைப்பற்றில்
பெண்பிள்ளை பிறந்த வீட்டில் கம்பியை வெட்டமாட்டார்கள்.
கீழ்வீடு அவளுக்கு.
மேலே எழும்பினால் அதுவும் அவளுக்கு.
கலியாணத்தன்று உம்மாக்காரி
குசினியோடு இறக்கிய பத்திக்குப் போவாள்,
ஒரு பெட்டி, ஒரு பாய், ஒரு முசல்லாவோடு.
யாரும் போகச் சொல்வதில்லை.
வெயில் ஏறினால் நிழலுக்கு நகர்வதுபோல.

நான் மேலே போனேன்.

ஆறு தகரம், ஒரு பச்சை வலை.
றிஃப்காவின் மேல்வீட்டுச் சீமெந்துக்கென்று
சீட்டுப் பிடித்த காசில்
கொழும்பிலிருந்து லொறியில் வந்திறங்கியது
சக்கரம் வைத்த இரும்பு அச்சுப்பொறி.
"மாவிடிக்கிற மெசினா ராத்தா?"
பக்கத்து வளவு ஜெசீமா கேட்டாள்.
அலுப்பில் ஓம் என்றுவிட்டேன்.
விடிய ஊறவைத்த அரிசியோடு வந்து நின்றாள்.

காழியார் கேட்டதும் இப்படித்தான்.
அடிச்சாரா?
இல்லை.
செலவுக்குத் தரல்லையா?
தந்தார்.
வேற ஆரும்?
இல்லை.
"பின்ன என்னத்துக்குப் புள்ள பிரியப்போற?"
"அந்த ஊட்டுக்குள்ள எனக்கு ஒரு மேசை போட இடமில்ல."
பேனையை மூடிவிட்டார்.
மூன்றாம் தவணையில்தான் திறந்தார்.

பகலில் வலயக் கல்விக் கந்தோரில்
வருகிற கடிதங்களுக்கு இலக்கம் போடுகிறேன்.
பின்னேரம் கணவாய் கழுவிய கை கறுப்பு.
இரவு லினோவுக்கு மை உருட்டிய கையும் கறுப்பு.
அஃப்லால் விரலை மணந்து பார்த்துச் சொல்வான்
இன்றைக்குச் சோறு பிந்துமா இல்லையா என்று.

இரண்டு மணிக்கு உடம்பு
யாரோ அடுப்பு மூட்டியதுபோல் கொதிக்கும்.
எழும்பி மேலே போவேன்.
லினோவில் எல்லாம் மறுபக்கமாகச் செதுக்கவேண்டும்.
நாற்பத்தாறு வயதில் கண்ணாடி இல்லாமல்
என் பெயரை நேராக எழுத வராது.
இடம் வலம் மாற்றி எழுத வரும்.

அரிசிச் சட்டியோடு ஜெசீமாவைச் செதுக்கினேன்.
கம்பிகளைச் செதுக்கினேன், கப்புகளோடு.
பேனை மூடியைக்கூட.
ஒன்றை மட்டும் செதுக்கவில்லை.
போன மாரியில் ஒரு நாள்
டியூஷன் விட்ட அஃப்லால்
மஃரிபிலிருந்து இஷா தாண்டியும்
பூட்டிய கடை வாசலில் நனைந்துகொண்டிருந்தான்.
எனக்கு ஏழாவது தாளில்
கறுப்பு அப்போதுதான் சரியாக விழத் தொடங்கியிருந்தது.
எட்டாவதையும் எடுத்துவிட்டுத்தான்
மணியைப் பார்த்தேன்.

போன கிழமை பொத்துவிலில் இருந்து பெண் கேட்டு வந்தார்கள்.
மாப்பிள்ளையின் மாமா மேலே ஏறி
கம்பியை ஆட்டிப் பார்த்து
"நல்ல கம்பி" என்றார்.
காயப்போட்டிருந்த தாள்களுக்குக் கீழே குனிந்து,
எதையும் பார்க்காமல் இறங்கினார்.

அன்றிரவு றிஃப்கா வந்தாள்.
கேட்காமலே சக்கரத்தைப் பிடித்துச் சுற்றினாள்.
"கீழ் ஊட்ட எனக்கு எழுதுங்க உம்மா.
மேல எழுதாதீங்க."
நெஞ்சுக்குள் ஏதோ இளகியது.
"ஏன் மகள்?"
"மேல நீங்க இரிக்கணும்.
நான் வேலைக்குப் போனா புள்ளைகள ஆரு பாக்குற?"

இன்னும் பெறாத பிள்ளைகள்!
எனக்குச் சிரிப்பு வந்தது,
அவளுக்கு வரவில்லை.
தாளை உரித்தேன்.
ஒரு மூலையில் மை பிடிக்கவில்லை.
"இதையும் விக்கலாமா?" என்றாள்.
"இல்ல. இன்னொருக்கா சுத்து."

நாளைக்கு ஹார்ட்வெயாரில்
படிக் கதவுக்கு ஒரு தாழ்ப்பாள் விலை கேட்கவேண்டும்,
உள்ளுக்கிருந்து போடுகிற மாதிரி.
அஃப்லாலுக்கு ஒரு குடை.
கிடைத்தால் சூடை மீன் அரைக் கிலோ.