கிழித்தால் செல்லாது

தைக்கு கேபினெட்.
மாசிக்கு எஸ்எம்பிஎஸ்.
பங்குனியில் மதர்போர்டு வந்த அன்று
அம்மா அட்டைப்பெட்டியைத் தட்டிப் பார்த்து
"கெட்டியா இருக்கு, காலியானா சொல்லு" என்றாள்.
சித்திரையில் ஒன்றும் வாங்கவில்லை.
திருவிழாவுக்கு வந்த சித்தி குடும்பம்
என் கட்டிலுக்கடியில் அடுக்கியிருந்ததை
எனக்குச் சேர்க்கிற சீர் என்று நினைத்துக்கொண்டது.
நான் மறுக்கவில்லை.

ஸ்கேன் சென்டரில் பக்கத்து சீட் சாந்தாராம்
அதே தையில்
பைபாஸ் ரோட்டுக் கடையிலிருந்து
முழுசாக ஒன்றைத் தூக்கிவந்தான்.
பன்னிரண்டு தவணை. ஒரே சுவிட்ச்.
அன்று இரவே மகால் ஐந்தாம் தெருவிலிருந்து
ஏதோ ஒரு தீவில் குதித்து
நாலு பேரைச் சுட்டிருக்கிறான்.
காலையில் கண் சிவந்து
எக்ஸ்ரே கவர்களில் பெயர் மாற்றி எழுதினான்.

"கடைக்காரனுக்குப் பதினோராயிரம் சும்மா குடுத்திருக்க"
என்பேன், டீ வரும்போதெல்லாம்.
"நீ விளையாடாத ராத்திரிக்கு என்ன ரேட்டு போட்ட?"
என்பான்.
அதற்கு நான் வைத்திருந்த எக்செல்லில் கட்டம் இல்லை.

ஆடித் தள்ளுபடியில் கிராஃபிக்ஸ் கார்டும் வந்துவிட்டது.
ஞாயிற்றுக்கிழமை.
உடம்பிலிருக்கும் மின்சாரம் போகட்டும் என்று
ஜன்னல் கம்பியைத் தொட்டுத் தொட்டு வந்து மாட்டினேன்.
பிராசசர் மேல் லீவரை அழுத்தும்போது
கடைவாய்ப்பல் பிடுங்குகிற சத்தம்.
எல்லாத் திருகும் முடுக்கி
சுவிட்சைப் போட்டேன்.

காற்றாடி ஒரு சுற்று சுற்றியது.
நின்றுவிட்டது.

மதர்போர்டைத் திருப்பித் தரலாம் என்ற ஏழு நாள்
பங்குனியிலேயே முடிந்திருந்தது,
பெட்டியைப் பிரிக்காமலே.
எது செத்தது என்று தெரிய
உயிரோடு இருப்பது ஒன்று வேண்டும்.

தெற்குவாசல் பாலம் ஏறி ஆட்டோவில்
தன் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வந்தான்
வில்லாபுரத்துக்கு.
பின்பக்கத் திருகின் மேல் வெள்ளி ஸ்டிக்கர்:
கிழித்தால் உத்தரவாதம் செல்லாது.
இன்னும் ஆறு தவணை பாக்கி.
இருடா என்பதற்குள்
நகத்தை விட்டுக் கிழித்தான்.

உள்ளே பேர் தெரியாத எஸ்எம்பிஎஸ்தான்.
ரேம் ஒன்றே ஒன்று, பக்கத்தில் காலி இடம்.
நான் சொன்னபடியேதான் எல்லாம்.
ஆனால் கம்பிகள்
பூக்கட்டுகிறவர் கைபோல ஒரே சீராய் இழுத்துக் கட்டி
யாரும் பார்க்கப்போகாத பின்புறத்தில்
முடிச்சின் வாலைக்கூட நறுக்கியிருந்தார்கள்.
யாரோ உட்கார்ந்து செய்திருக்கிறார்கள்.
என்னுடையது இடியாப்பம்.
சொல்ல வைத்திருந்ததில் பாதியை விழுங்கினேன்.

என் ரேம் அவன் பெட்டியில் ஓடியது.
கார்டும் ஓடியது.
பத்தரை மணிக்கு
செல்போன் வெளிச்சத்தை என் பெட்டி மூலையில் பிடித்து
"இது எதுக்கு சும்மா தொங்குது?" என்றான்.

பிராசசருக்குப் போகிற எட்டு பின் வயர்.
நான் மாட்டவேயில்லை.

அதற்காக அவன் சிரித்த சிரிப்பில்
கீழ்வீட்டு நாய் குரைத்தது.

ஒரே திரையை மாற்றி மாற்றிச் செருகிப் பார்த்தோம்.
சும்மா இருக்கும்போதே சூடு
அவனுக்கு ஐம்பத்தொன்று.
எனக்கும் ஐம்பத்தொன்று.
யார் மாட்டியது என்று
மதுரை கேட்பதில்லை.

அம்மா வந்து
காலிப் பெட்டிகளை எண்ணிக்கொண்டு போனாள்.
கிழிந்த ஸ்டிக்கரில் "செல்லாது" மட்டும் மிஞ்சியதை
என் கேபினெட் நெற்றியில் ஒட்டிவிட்டு
மூடாத தன் பெட்டிக்குள்ளேயே
வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான் சாந்தாராம்.

"அந்தக் காலி இடத்துக்கு
ரேம் என்ன விலை வரும்?"

ஆவணியில் குறையும், பொறு
என்றேன்.