அணைந்தால் சரி

வெள்ளவத்தை, மூன்றாம் மாடி.
டுபாயிலிருந்து வந்த டீவி; கேள்விப்படாத பெயர்.
அதன் ரிமோட்டை யன்னலால்
ரயில் பாதைப் பக்கம் எறிந்தவர் மிஸ்டர் செபமாலை.
ஏனென்று நான் கேட்கவில்லை.
அவர் மனைவி தேத்தண்ணி தந்தார், ஒரு கோப்பை,
எனக்கு மட்டும்.

புறக்கோட்டையில் வாங்கிய பொது ரிமோட்,
கூடவே மடித்த தாளில் எறும்பெழுத்தில் எண்கள்.
கைபேசிக் கமராவில் பிடித்துப் பார்த்தேன்:
கண்ணுக்கு ஒன்றுமில்லை,
திரையில் ஊதாப் பொட்டு துடித்தது.

ஒன்பது மில்லிசெக்கன் ஒரே மூச்சு.
நாலரை மௌனம்.
பிறகு ஒரு சொல்,
உடனே அதே சொல் தலைகீழாக.
மறுத்தும் சொன்னால்தான் நம்புகின்றன
இந்தப் பெட்டிகள்.

நூற்றி நாலு. இல்லை.
நூற்றி ஐந்து. இல்லை.
சரியான எண்ணுக்கு ஒரே சாட்சி: படம் அணையும்.
செய்தி வாசிக்கும் பெண்
ஒவ்வொரு எண்ணிலும் தப்பிக்கொண்டிருந்தாள்,
பருப்பு விலை, பாணந்துறையில் மழை.

இருநூற்றுப் பதினேழு.
ஒழுங்கைக்கு அந்தப் பக்கம்
எதிர்மாடி டீவி செத்தது.
கிரிக்கெட், கடைசி ஓவர்.
“லைட் கியா!” என்று யாரோ அலற
மேலே மின்விசிறி சுற்றிக்கொண்டேயிருந்தது.

சாய்வுக் கதிரையிலிருந்து ஒரு சத்தம்.
இருமல் என்று நினைத்தேன்.
மனைவி திரும்பிப் பார்த்தார்,
வாயைப் பொத்திக்கொண்டார்.

“இதுக்குப் பிறகு தேடலாம் பிள்ளை,” என்றார் செபமாலை,
“முதல்ல அந்த நம்பரை எழுது.”
“பெரிசா எழுது,” என்றார் அவர்,
இன்னும் இரண்டு கோப்பை எடுக்கப் போனபடி.