நூற்றுப் பதினாறு

ஒரு அத்தியாயத்தில் நூற்றுப் பதினாறு தூசணம்.
எண்ணினேன். எண்ணுவதற்கும் சேர்த்துத்தான் சம்பளம்.

கொம்பனித்தெரு, மூன்றாம் மாடி,
லிஃப்ட் வேலை செய்யாத கட்டடம்.
திரையில் சேறும் குதிரையும்,
ரயில் பாதை வரும் என்று யாரோ சொன்ன ஊர்.
சட்டம் இன்னும் வந்து சேரவில்லை.
சவப்பெட்டி செய்பவன் வந்துவிட்டான்.
குதிரை வியாபாரி வாயைத் திறந்தால்
பெயர்ச்சொல்லுக்கு முன் ஒன்று,
வினைச்சொல்லுக்குப் பின் ஒன்று,
மூச்சு வாங்கும் இடத்தில் இன்னொன்று.
கீழே, வெள்ளை எழுத்தில்,
நான் அவனுக்குத் தமிழ் கொடுக்க வேண்டும்.

"எல்லாத்துக்கும் 'அடப்பாவி' போடுங்க மிஸ்.
ஒன்பதரை மணி. வீடுகள்ல சோறு தின்னுற நேரம்"
என்றார் நிஸாம்தீன்.

போட்டுப் பார்த்தேன்.
கழுத்தை அறுக்க வந்தவன் அடப்பாவி என்றான்.
அறுபட்டவன் அடப்பாவி என்றான்.
ஊரே துப்பாக்கிகளோடு
மார்கழி பஜனைக்குப் புறப்பட்டதுபோல் இருந்தது.

ஒலியில் ப்ரியங்கர 'பீப்' வைக்கிறான்.
போன வாரம் ஒளிபரப்பானபோது
அவன் மறைத்த ஒவ்வொரு இடத்தையும்
என் மகன் அடுத்த அறையிலிருந்து
பிழையின்றி நிரப்பினான்.
சொல்லைவிட ஓட்டைதான் அசிங்கம்.

அப்படியென்றால் உள்ளது உள்ளபடி விட்டுவிடலாமா?

புறக்கோட்டை, நாலாம் குறுக்குத் தெரு.
நாட்டாமி சந்தனத்தின் முதுகில் வெங்காய மூட்டை.
வழிவிடாத வேனை, வெயிலை,
தன் இடது முழங்காலை
ஒரே சொல்லால்தான் கூப்பிடுகிறான்.
யாருக்கும் காயமில்லை. மூட்டை நகர்கிறது.
அது ஏச்சில்லை, அச்சுக்குப் போடும் எண்ணெய்.
அதுவும் சிங்களத்தில்.
கொழும்பில் நாங்கள் கடன் வாங்கித்தான் ஏசுவோம்,
சொந்த மொழியில் சொன்னால்
செத்துப்போன அம்மாவுக்கும் கேட்டுவிடும்.

ஆனால் அந்த வருடத்து எரிவாயு வரிசை.
வெள்ளவத்தை, இரண்டாம் நாள்,
வெற்றுச் சிலிண்டர்களைச் சங்கிலியால் பிணைத்துவிட்டு
நாங்கள் நடைபாதையில்.
காலையிலிருந்து எல்லோரும் எல்லோரையும் ஏசியாயிற்று.
கணக்குப் படிப்பித்த இம்மானுவேல் சேர் மட்டும்
குடைக்குள் பேசாமல் நின்றார்,
பிழையான விடைக்கும் "பரவாயில்லை பிள்ளை" என்பவர்.
லொறி இன்றைக்கும் இல்லை என்றார்கள்.
அவர் தன் சிலிண்டரைப் பார்த்து
ஒரு சொல் சொன்னார். தமிழில். மெதுவாக.
வரிசை முழுவதும் தலையைக் குனிந்துகொண்டது.
லொறி வராது என்பது
அப்போதுதான் எங்களுக்கு விளங்கியது.

தொடரில் அந்தச் சவப்பெட்டிக்காரன் ஏசாதவன்.
ஒன்பதாம் அத்தியாயம், இரவு,
இரண்டரை அடிக்குப் பலகை அளக்கிறான்.
அளவுகோல் கை நழுவ, அவனும் சொல்கிறான்.
எண்பத்துமூன்றாவது.
நான் கோடு போட்டு எண்ணிவிட்டு
தாண்டிப் போய்விட்டேன்.
வியாபாரியின் அடுத்த வசனத்துக்குப் பாதியில்தான்
ஏதோ உறுத்தித் திரும்பி வந்தேன்.
இவ்வளவு சில்லறை இறைத்த தரையில்
ஒரு பவுனை யார் குனிந்து தேடுவார்?

அந்த ஓர் இடத்தில்
சேர் சொன்னதைத் தட்டினேன்.
விரல்கள் அந்த எழுத்துகளை
அந்த வரிசையில் ஒருபோதும் தொட்டதில்லை.

நிஸாம்தீன் பார்த்தார்.
மூக்குக்கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.
"இது இருக்கட்டும்" என்றார்.
"மத்த நூத்திப் பதினஞ்சுக்கும் என்ன செய்யப் போறீங்க?"

தெரியவில்லை.
கீழே ஒரு ஓட்டோக்காரன்
நூற்றி முப்பத்தெட்டாம் இலக்க பஸ்ஸுக்கு
வேண்டிய வசனங்களையெல்லாம் இலவசமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறான்.
பஸ் ஹோர்ன் அடிக்கிறது.