இருபத்திரண்டு மணி நேரம்

கப்பலூர் தொழிற்பேட்டையில் கடைசி வரிசை.
கூரைத் தகரத்தில் மயில் நடக்கும் ஷெட் என்னுடையது.
மோட்டார் பம்புக்கு ரப்பர் வாசர் அடிக்கிறோம்.
இரண்டு பிரஸ், ஐந்து பேர், ஒரு கடன்.

ஷட்டரின் உள்பக்கம் சாக்பீஸில் எழுதியிருந்தேன்:
மாசம் நாலு லட்சம் வாசர்.
அதற்குக் கீழே, மார்ச்சுக்குள்ள.
காலையில் தூக்கினால் எழுத்து சுருண்டு மேலே போய்விடும்.
ராத்திரி உள்ளிருந்து இறக்கிவிட்டுக் கணக்கு எழுத உட்காரும்போது
முதலில் மார்ச் இறங்கும்,
பின்னாலேயே நாலு லட்சம்.

ஐப்பசியில் கோயம்புத்தூர் சரக்கு திரும்பி வந்தது.
பதினெட்டு மூட்டை, கூடவே ஒரு காகிதம்.
காகிதத்தைப் பிரிக்காமலே மொக்கராசுவைத் திட்டினேன்.
ஆறு நிமிஷம் வேக வேண்டியதை
நாலரையில் எடுக்கச் சொன்னது நான்தான்.
அவனுக்கும் தெரியும்.
"சரிக்கா" என்றான்.
அதற்கு அவன் ஏசியிருக்கலாம்.

பணம் புரட்ட மேலூர் போய்
வெறுங்கையோடு திரும்பும்போது
சிட்டம்பட்டி டோல்கேட் பக்கம் டயர் பஞ்சர்.
ஸ்டெப்னியிலும் காற்றில்லை.
ரப்பரால் பிழைப்பவளை ரப்பர் நடுரோட்டில் நிறுத்தியது.

தூரத்தில் ஒரு பாறை,
யாரோ கழுவிக் கவிழ்த்து வைத்த உருளி மாதிரி.
"அது என்னப்பா மலை?"
பஞ்சர் கடைப் பையன் நிமிர்ந்து பார்த்தான்.
"மதுரைதானக்கா நீங்க? ஆனமலை."

பதினாறு வருஷம் ஒத்தக்கடையில் வாடகை வீடு.
மொட்டைமாடியில் துணி உலர்த்தும்போதெல்லாம்
தும்பிக்கை நீட்டிப் படுத்திருக்கும் அதைத்தான் பார்த்தேன்.
இந்த ரோட்டிலும் நூறு தடவை போயிருப்பேன்,
கண்ணில் ரோடும் மனசில் தவணையுமாக.
இங்கிருந்து தும்பிக்கையும் இல்லை, மத்தகமும் இல்லை.
யானை நகரவில்லை.
நகர்ந்தது நானும் இந்த ஓட்டை வண்டியும்தான்,
சில கிலோமீட்டர்.

டியூபைத் தண்ணீரில் முக்கி அவன் ஓட்டை தேடுகிற நேரத்தில்
கைப்பையிலிருந்து காகிதத்தை எடுத்தேன்.
கால் பங்கு நசுக்கி, எழுபது டிகிரிச் சூட்டில்
இருபத்திரண்டு மணி நேரம் வைத்தார்களாம்.
பிறகு விடுவித்து, அரைமணி கழித்து அளந்தார்களாம்.
எவ்வளவு தாங்கும் என்பதில்லை அவர்கள் கேள்வி,
விட்ட பிறகு எவ்வளவு மீள்கிறது என்பது.
என் வாசர் நசுங்கியபடியே இருந்துவிட்டது.

கெட்டியாக இருப்பதால் வாசர் தண்ணீரை நிறுத்துவதில்லை,
எழும்பப் பார்த்துக்கொண்டே இருப்பதால்தான்.
பதினோரு வருஷமாக வாங்க வருபவர்களிடம்
நான் ஒப்பிக்கிற வசனம் இது.
வெயிலில் உட்கார்ந்து
முதல் தடவையாக நானே அதைக் கேட்டேன்.
என்னை விடுவித்து அரைமணி கழித்து
யார் அளந்தார்கள்?
விட்டால்தானே.

ஆறு நிமிஷம் மறுபடியும் ஆறு நிமிஷம் ஆனது.
ஞாயிற்றுக்கிழமை பிரஸ் ஆறட்டும் என்றேன்.
மொக்கராசு நம்பவில்லை.
இரண்டு ஞாயிறு வந்து
பூட்டிய ஷட்டர் முன்னால் நின்றுவிட்டுப் போனானாம்.
"அப்ப மூணாவது பிரஸ் கனவு அவ்வளவுதானா?"
ஆடிட்டர் ஜெசிந்தா கேட்டாள்.
"யார் சொன்னது?" என்றேன்.

நாலு லட்சத்தை அழிக்கவில்லை.
ஈரத்துணியால் மார்ச்சை மட்டும் துடைத்தேன்.
இப்போது இறக்கும்போது
முதலில் ஒரு வெள்ளைக் கறை வருகிறது,
அப்புறம்தான் அந்த எண்.
அதைப் பார்த்தால் வயிறு இன்னும் கொஞ்சம் சுருங்கத்தான் செய்கிறது.

போன மாசம் இரண்டு லட்சத்து எழுபதாயிரம்.
ஒரு மூட்டையும் திரும்பவில்லை.
கடன் அப்படியே இருக்கிறது.

தட்டிலிருந்து ஒரு வாசரை எடுத்துக்
கட்டைவிரலால் அழுத்திப் பார்க்கிறேன்.
விட்டதும் அது எழும்பிவிட்டது.
விரலில்தான் பள்ளம்.
அதற்கு இன்னும் கொஞ்ச நேரம் ஆகும்.