மூன்றாம் கியர்

அந்த மாதங்களில் ஹட்டன் வீதி எனக்கு
அங்குலம் அங்குலமாகப் பாடம்.
எந்த மதகுக்குப் பிறகு இறக்கம்,
எந்த மாதா சுரூபத்தடியில் ஏற்றம் மூச்சுவிடும்,
எங்கே காலை எடுத்தால்
அடுத்த பாலம்வரை ஆல்டோ தன்பாட்டில் போகும்.
நாற்பது பக்கக் கொப்பியொன்றில் எழுதி வைத்தேன்:
செவ்வாய், லீற்றருக்குப் பதினாறு தசம் இரண்டு.
புதன், மழை, பதினைந்து தசம் ஒன்பது.
(புதன் பிரிட்டோ ஏறினான். தொண்ணூறு கிலோ.)

உபரிச் சக்கரத்தைக் கழற்றி வீட்டில் வைத்தேன்.
ஜாக்கியை. பிள்ளைகளின் குடைகள் மூன்றை.
கண்ணாடியில் பனி படிந்தால் ஏசி போடுவதில்லை.
நஸ்லியா டீச்சர் முன்சீட்டிலிருந்து
பழைய பத்திரிகையால் துடைத்துக்கொண்டே வருவார்,
அந்த உள்ளங்கையளவு ஓட்டை வழியே
நான் ஓட்டுவேன்.

வாரத்துக்கு இருபது லீற்றர்.
செட்டை நோக்கிச் சரியும் வீதியில் வரிசை,
யாரும் இன்ஜினைத் தொடுவதில்லை.
முன்னால் ஒன்று நகர்ந்தால்
கைப்பிரேக்குகள் ஒவ்வொன்றாய் முனகும்.
சக்கரத்துக்கு வைத்த கல்லை இறங்கி எடுத்து,
பத்தடி உருண்டு, மறுபடி வைப்போம்.
என் கல்லுக்கு நீலப் பெயின்ட் அடித்திருந்தேன்.
அதைத் திருடியவனை இன்னும் மன்னிக்கவில்லை.

ஒரு வியாழன், மாலை நாலரை,
டிக்கோயாவுக்கு இறங்கும் வழியில்
சாவியைத் திருப்பி இன்ஜினை அணைத்தேன்.
அது முதல் தடவையல்ல.
ஸ்டியரிங் கனக்கும், தெரியும்.
இரண்டு மிதிக்குமேல் பிரேக் மரக்கட்டை, தெரியும்.
ஆனால் அந்த அமைதி!
டயர் தாரை நக்கும் ஓசை மட்டும்.
ஓடையொன்று கொஞ்சத் தூரம் கூடவே வந்தது.
பதினெட்டைத் தொட்டுவிடலாமென்று
மனதுக்குள் வகுத்துக்கொண்டிருந்தேன்.

வளைவு திரும்ப,
மடுவத்துக்கு நிறுவைக்குப் போகிற ஒன்பது பேர்
வீதியின் குறுக்கே, முதுகில் கொழுந்து.
ஒருத்தியும் திரும்பிப் பார்க்கவில்லை.
பார்க்க என்ன காரணம் இருந்தது?

இரண்டு காலாலும் மிதித்தேன்.

கார் நின்றபோது
பொனெட்டின்மேல் கொழுந்து மூட்டை கிடந்தது, வாய் பிரிந்து.
சொந்தக்காரி கானுக்குள் உட்கார்ந்திருந்தாள்,
ஒற்றைச் செருப்போடு.
காயமில்லை. முழங்கையில் மண்.
திட்டுவாள் என்றிருந்தேன்.
"வண்டின்னா சத்தம் வரணும்ல சார்," என்றாள்.
"நாங்க காதாலதானே ரோட்டத் தாண்டுறோம்."

பெயர் சிவபாக்கியம். அள்ளும்போது கேட்டேன்.
வைப்பருக்கடியில், கிறில்லுக்குள்,
ஈரத் தாரில் ஒட்டியதையெல்லாம்
நானும் நஸ்லியா டீச்சரும் பொறுக்கினோம்.
நசுங்கினதைக் கணக்கப்பிள்ளை எடுக்கமாட்டார் என்று
அவள் விரலால் தள்ளித் தள்ளி ஒதுக்கினாள்.
மடுவம்வரை கூடப் போனேன்.
முள் பதினெட்டரையில் நின்றது.
"இருபது இருந்தாத்தான் முழுப்பேரு,"
என்றாள் வரிசையில் இன்னொருத்தி,
என்னிடம் சொல்வதுபோல் அல்லாமல்.
பணம் நீட்டினேன். வாங்கிக்கொண்டாள்.
செருப்புக்கு வேறாக, என்றாள்.
அதையும் கொடுத்தேன்.

மெக்கானிக் சூசைநாதன்
படுத்த இடத்திலிருந்தே சிரித்தான்:
"கியர்ல விட்டு எறங்கினாலே இன்ஜெக்டர் தானா மூடிக்கும் சார்.
ஒரு சொட்டுப் போகாது.
அணைச்சு நீங்க மிச்சம் புடிச்சது சைபர்."

கொப்பியில் அந்த வியாழனுக்கு நேரே
ஒன்றும் எழுதவில்லை.
வெள்ளிக்கும்.

இப்போது கேட்ட அளவுக்கு அடிக்கிறார்கள்.
உபரிச் சக்கரம் திரும்பப் பின்னால் ஏறிவிட்டது.
அந்த வளைவில் மூன்றாம் கியர் போட்டு
உறுமிக்கொண்டு இறங்குகிறேன், ஹோர்னும் அடித்து.
ஆளில்லாத வீதிக்கு எதற்கடா, என்கிறான் பிரிட்டோ.
போன மாதம் சேர்விஸில்
கிறில்லுக்குள் கறுத்துக் காய்ந்த இலையொன்றைக் கண்ட பையன்
ஸ்குரூடிரைவரால் நோண்டிப் பார்த்தான்.
விடு என்று சொல்ல வாயெடுத்தேன்.
அவனுக்கு அது எட்டவில்லை.