ஐந்து ஐம்பத்தாறு

முதல் நாளே சொல்லிவிட்டார் டாக்டர் ஹால்வர்சன்:
"இது உண்மையா என்று இந்த அறையில் கேட்க மாட்டோம்.
யார், எப்போது, எதற்காக
இதை உண்மை என்றார்கள், அதைத்தான் கேட்போம்."
பேனாக்கள் குறித்துக்கொண்டன.
என்னுடையது மட்டும் மூடியைக் கழற்றவில்லை.

ஐயோவாவில் அறுவடை முடிந்த சோளத் தாள்கள் மேல் பனி.
வெப்பக்குழாய் இருமும் அறை.
'இஸ்லாம்: ஓர் அறிமுகம்.'
எனக்கு என்னை அறிமுகப்படுத்த
வாரம் இரண்டு மாலைகள்.

முதல் தேர்வில், மார்க்கத்தில் என் மார்க்
பத்துக்கு ஏழு.
வெஸ்லிக்குப் பத்து. பன்றிப் பண்ணைக்காரர் மகன்,
இரண்டு வருடம் அரபு படித்தவன்.
அவனுடைய 'ஐன்' தொண்டையின் அடியிலிருந்து எழுகிறது.
என்னுடையது போஸ்னியாவிலிருந்து வந்த வழியிலேயே
தேய்ந்துபோயிருக்க வேண்டும்.
பாபோவிடம் சொன்னேன்.
நெப்ராஸ்காவில் எங்கோ லாரியை ஓட்டியபடி சிரித்தார்:
"மீதி மூன்றை மறுமையில் கேட்பார்கள், படித்து வை."

திரையில் ஒரு நாள் உலக வரைபடம்.
பாதிக்கு மேல் முஸ்லிம்கள் என்றால் பச்சை.
பழைய கணக்கு போலும்,
எங்கள் நாட்டை வெள்ளையாக விட்டிருந்தார்கள்.
பிரியேதோரில் பாபோவின் வீட்டு ஜன்னலிலும்
ஒரு கோடையில்
வெள்ளையைத்தான் தொங்கவிடச் சொன்னார்கள்.
கை உயர்த்தவில்லை.
அடுத்த படம் வந்துவிட்டது.

"தொழும்போது கைகளை எங்கே வைப்பீர்கள்?"
யாரைக் கேட்டாரோ.
"கட்டிக்கொள்வோம்" என்றேன்.
அதே நொடியில் கடைசி வரிசையிலிருந்து
கார்ட்டூமில் பிறந்த இஜ்லால்:
"தொங்கவிடுவோம்."
வகுப்பு எழுதுவதை நிறுத்தியது.
நாங்கள் இருவரும் திரும்பிப் பார்த்துக்கொண்டோம்,
ஒரே வீட்டின் இரண்டு சாவிகளைப் போல.

கட்டுரையில் 'நாங்கள் நம்புகிறோம்' என்று எழுதினேன்.
பென்சிலில் ஒரு வட்டம், அருகில்: யார்?
அடுத்த கட்டுரையில் திருந்திவிட்டேன்.
அவர்கள் தொழுகிறார்கள்.
அவர்கள் நோன்பு வைக்கிறார்கள்.
அவர்களுடைய சொர்க்கத்தில் ஆறுகள் ஓடுகின்றன.
எழுதி முடித்து எழுந்தபோது மணி ஐந்தரை.
அவர்கள் அவசரமாக ஒளு செய்தார்கள்.
அவர்களுடைய சாக்ஸ் நனைந்துவிட்டது.

நியாயமாக இதையும் சொல்ல வேண்டும்.
ஞாயிற்றுக்கிழமை மதரசாவில் கேட்கக் கூடாத கேள்வி ஒன்று
பன்னிரண்டு வயதிலிருந்து என்னிடம் இருந்தது.
அதை இங்கே கேட்டேன். கூரை இடியவில்லை.
டாக்டர் ஹால்வர்சன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு
"இதைப் பாஸ்ராவில் கேட்டிருக்கிறார்கள்" என்றார்,
"ஆயிரம் வருடத்துக்கு முன்னால்.
பெரிய சண்டை."
அன்றிரவு நூலகத்தில் அந்தச் சண்டையை வாசித்தேன்.
கத்தியிருக்கிறார்கள், தாடி நடுங்க மறுத்திருக்கிறார்கள்,
பிறகு பாங்கு சொன்னதும்
ஒரே வரிசையில் போய் நின்றிருப்பார்கள்.
அந்த அடிக்குறிப்பின் மேல்
கொஞ்சம் அழுதேன். ஏன் என்று
எந்தத் தேர்விலும் கேட்க மாட்டார்கள்.

செவ்வாய். நோன்பின் ஏழாம் நாள்.
திரையில்: 'விடியல் முதல் சூரியன் மறையும் வரை
உண்ணாமை, பருகாமை.'
ஐந்து ஐம்பத்தாறுக்கு
கைபேசி ஒரு முறை தொடையில் அதிர்ந்தது.
அவ்வளவுதான் என் பாங்கு.
மேசைக்கடியில் பிஸ்மி சொல்லி
ஒரு பேரீச்சம்பழத்தை வாயில் போட்ட அந்த நேரம்:
"மெவ்லிதா, உள்ளிருந்து பார்த்தால்
நோன்பு எப்படி இருக்கும்? சொல்ல முடியுமா?"

எல்லா முகங்களும் என் பக்கம்.
பருவம் முழுவதிலும்
முழு மதிப்பெண்ணுக்கு எனக்குத் தெரிந்த ஒரே கேள்வி.
வாய் நிறைய விடை.
ஒரு நிமிடம் என்று
ஒற்றை விரலை உயர்த்திக் காட்டினேன்.
வெஸ்லி அதைக் கவனமாகக் குறிப்பேட்டில் எழுதினான்.

கடைசி வரிசையில்
கீழே குனிந்து
இஜ்லாலும் மென்றுகொண்டிருந்தாள்.