மாத்தாள்

விடிகாலை மூன்றே கால்.
மண்டபம் டோக்கன் அலுவலகத்தில்
முதல் சர்வர் நின்றுபோனது.
நாற்பது நொடியில் மற்றது எழுந்து
எழுபத்திரண்டாம் படகிலிருந்து தொடர்ந்தது.
வரிசையில் யாருக்கும் தெரியாது.

திரையில் மட்டும் ஒரு வரி,
கையேட்டைப் பார்த்து நான் தமிழாக்கியது:
"எஜமான் செயலிழந்தார். அடிமை பொறுப்பேற்றது."

அவர், அது.
அதைக்கூட நான் கவனிக்கவில்லை.

சன்னலுக்கு வெளியே நம்புராஜன்
வாய்விட்டுப் படித்தான்.
"அடிமைக்குப் பங்கு உண்டா மேடம்,
இல்ல வெறும் பேட்டாவா?"
பின்னால் சிரித்தார்கள்.
அவன் சிரிக்கவில்லை.

சம்மாட்டி, கூலி என்று மாற்றுங்கள்
என்றார் கண்காணிப்பாளர்.
அதற்கு இதுவே தேவலை.

பழுது நீங்கிப் பழையது திரும்பினால்
இதன் பின்னால் நின்று
இது சொல்வதை எழுதிக்கொள்ளும்.
அப்போது எது அடிமை?
கையேட்டில் இல்லை.

மறுநாள் நம்புராஜனிடம் கேட்டேன்:
நடுக்கடலில் டிரைவர் தூங்கப் போனால்
வீலைப் பிடிப்பவனுக்கு என்ன பேர்?
"மாத்தாளு.
அவரு எந்திரிச்சு வந்து நின்னா
அப்ப அவருதான் மாத்தாளு."

ஐந்து கோப்புகள், பதினேழு இடங்கள்.
திருத்தி முடித்து,
படகுகள் போகாத வெள்ளிக்கிழமை
வேண்டுமென்றே ஒயரைப் பிடுங்கினேன்.

"ஓட்டுநர் நின்றுவிட்டார்.
மாத்தாள் ஓட்டுகிறார்."